பெட்டியில் புளி எதற்கு?

பாரிசில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், இங்கே ஆவடியில் இன்னமும் புளி, மிளகாய்த்தூள், அப்பளம் என்று பெட்டியை நிரப்புகிறார்கள். தேவையில்லை என்பேன். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையில் லா ஷப்பேல். முருங்கைக்காய் முதல் இட்லி அரிசி வரை கிடைக்கும். 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாகப் போன ஈழத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. நாடிழந்து போனவர்களின் கடையில் நாலு காசு கூடக் கொடுத்து வாங்கினால் நமக்கென்ன குறைந்துவிடும்?

நெய்யும் பால்கோவாவும் எடுத்துப் போகவே கூடாது. வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பண்டங்களைப் பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விமான நிலையக் குப்பைத்தொட்டிக்கா இவ்வளவு தூரம் சுமப்பது?

ஒன்றுக்கு மட்டும் இடம் வையுங்கள்: தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்தது. புதுச்சேரி வழியாகப் பிரான்சு போய் ‘வதுவான்’ ஆகிவிட்டது. பிரெஞ்சில் படித்தவன் சொல்கிறேன், பெயர் அழகுதான். ஆனால் அங்கே புட்டியில் விற்பது பெரும்பாலும் தூள். சித்திரை வெயில் அதில் ஏது? மீன்குழம்புக்கு நம் உருண்டைதான். வாசனை துணியில் ஏறும், இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள்.