புளியரை செக்போஸ்ட்: கேமரா மட்டும் போதுமா?

செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை செக்போஸ்ட். மலை ஏறினால் கேரளத்தின் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. எல்லை மேற்கே நகர்ந்தது, சொந்தபந்தம் நகரவில்லை.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. ஆனால் போலீஸுக்கு வேலை குறையவில்லை: அங்கே கடத்தப்படும் ரேஷன் அரிசி, இங்கே வரும் மருத்துவக் கழிவு, பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழி லாரி. குற்றால சீசன் என்றால் கூட்டம் வேறு.

கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், அவ்வளவுதான். ராத்திரியில் தோட்டத்து ஓரமா கழிவைக் கொட்டிட்டுப் போற லாரியை முதலில் பார்ப்பது ஊர்க்காரர். அவர் தயங்காம போலீஸுக்குப் போன் போடணும்னா, தினமும் பைக்கில் எல்லை தாண்டும் அவரிடம் செக்போஸ்ட்டில் மரியாதையாப் பேசணும். எல்லைக் காவலின் பலமே அதுதான்.