எலிக்கும் கண் கண்தான்!

"எலிக்குப் போய் வைத்தியமா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். இது சிரிக்கும் விஷயம் அல்ல.

ஹாம்ஸ்டர் என்பது செல்லமாக வளர்க்கப்படும் ஒரு வகை எலி. 1930-ம் ஆண்டு சிரியா நாட்டில், அலெப்போ நகரத்தின் அருகே ஒரு தாயும் குட்டிகளும் பிடிபட்டன. இன்று வீடுகளில் வளரும் தங்க நிற ஹாம்ஸ்டர்கள் அனேகமாக அந்தக் குடும்பத்தின் வாரிசுகளே!

கூண்டில் போடும் மரத்தூள் பட்டால் கண் உறுத்தும். பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, மெதுவாகத் துடைக்க வேண்டும். இழுத்துத் திறக்கக் கூடாது. மனிதரின் கண் மருந்தை ஊற்றவும் கூடாது. மறுநாளும் குணமாகாவிட்டால் கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். பிடரியை இறுக்கிப் பிடித்தால் விழி பிதுங்கிவிடுவதும் உண்டு. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

பார்வையே போய்விட்டால்? பயம் வேண்டாம். ஹாம்ஸ்டருக்குக் கண்ணைவிட மூக்கும் மீசையும்தான் வழிகாட்டி. தீனியும் தண்ணீரும் படுக்கையும் இடம் மாறாமல் இருந்தால், அது சுகமாக வாழும்.

அதன் ஆயுள் 2 அல்லது 3 ஆண்டுதான். "வேறு வாங்கிக் கொள்ளலாம்" என்று குழந்தையிடம் சொல்வது சுலபம். ஆனால், நோய் வந்தால் கைவிடலாம் என்ற பாடத்தை அல்லவா குழந்தை கற்றுக்கொள்ளும்!

கூண்டில் அடைத்தவர்களுக்குத்தான் காக்கும் கடமையும் உண்டு.