பாட்டிக்குக் குளிராதா?

"ஐஸ் பெட்டிக்குள்ள பாட்டிக்குக் குளிராதா?" சாவு வீட்டில் ஒரு நாலு வயதுக்காரி இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பெண்களின் அழுகை கூடும். யாராவது ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார். பதில் மட்டும் வராது. சில வாரம் கழித்து, ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறாள் என்று நம் ஆலோசனை அறைக்கு அழைத்து வருவார்கள்.

அவள் கேட்டது ஒப்பாரி அல்ல, விசாரணை. மரணம் என்ற ஒரு சொல்லுக்குள் குழந்தை தனித்தனியே பிடிக்க வேண்டிய மூன்று விஷயங்களை ஸ்பீஸ், பிரென்ட் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பிரித்துக் காட்டினார்கள்: இறந்தவர் திரும்ப மாட்டார், உடம்பின் வேலை எல்லாம் நின்றுவிடும், உயிருள்ள எல்லாவற்றுக்கும் இது உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் பிடிபடுகின்றன. நம் நாலு வயதுக்காரி இரண்டாவதைத் தட்டிப் பார்க்கிறாள். "குளிராது கண்ணு. பாட்டி இறந்துட்டாங்க. இறந்தவங்க உடம்புக்குக் குளிர், வலி, பசி எதுவும் தெரியாது." இவ்வளவு போதும். சுடுகாடு பற்றிய அடுத்த கேள்விக்கும் இதுவே பதில்.

சிக்கல் நம் மொழியின் நாகரிகத்தில் இருக்கிறது. காலமானார், இயற்கை எய்தினார் என்பவை சுவரொட்டிக்குச் சரி. வீட்டில் சொல்கிற "தவறிட்டாங்க" குழந்தையின் காதில் தொலைந்துபோனதாக விழுகிறது, தொலைந்தவரைத் தேடலாமே! "தூங்குறாங்க" என்றால் தூக்கமே பயம். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால், என்னிடம் சொல்லாமல் ஏன் போனார்கள் என்ற கோபம். "சாமிகிட்ட போயிட்டாங்க" என்பதை நான் தடுப்பதில்லை, அது அந்த வீட்டின் நம்பிக்கை. ஆனால் இறந்துட்டாங்க என்ற சொல் அதற்கு முன்னால் வரட்டும்.

"பாட்டியைத் தொந்தரவு பண்ணாதே, உடம்பு முடியல" என்று மாதக்கணக்கில் அதட்டப்பட்ட குழந்தை, தன் தொந்தரவால்தான் பாட்டி இறந்ததாக ரகசியமாக நம்பக்கூடும். அது கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்: நீ செஞ்ச எதனாலயும் இல்ல. அதேபோல, உடம்பு சரியில்லாமல் இறந்தார் என்று மொட்டையாகச் சொன்னால் அடுத்த சளிக்காய்ச்சலுக்கே குழந்தை நடுங்கும்.

பிள்ளைகளைச் சாவு வீட்டிலிருந்து அகற்றுவது ஏதோ பழைய மரபு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நம்மில் பல சமூகங்களில் தாத்தா பாட்டிக்கு நெய்ப்பந்தம் பிடிப்பதே பேரப்பிள்ளைகள்தான்! பிரிவில் குழந்தைக்கும் ஒரு வேலை உண்டு என்று அந்தச் சடங்கை வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்ன நடக்கும், யார் அழுவார்கள், மேளம் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று முன்னதாகச் சொல்லி, நம்பிக்கையான ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வரட்டும். மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். கட்டாயப்படுத்திக் கையில் பந்தத்தைத் திணிப்பதும் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் போன்ற தவறுதான்.

நம் விவரப் படிவங்களில் இறந்தவர் யார், எப்போது என்ற கேள்விகள் இருக்கின்றன. குழந்தையிடம் எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்ற கேள்வி இல்லை. முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டு, பெற்றோர் சொன்னபடியே எழுதி வையுங்கள். நான்காம் சந்திப்பில் குழந்தை ஊருக்குப் போகும் பஸ்ஸை வரைந்தால், அது எங்கே போகிறது என்று உங்களுக்கு அப்போது தெரியும்.