கடலுக்கு ரிக்கற் இல்லை!



"நீஸா? அது காசுக்காரரின்ட ஊர். எங்களுக்கு ஏன்?" பாரிசில் இருக்கிற எங்கட ஆக்கள் பலபேர் இப்படித்தான் சொல்லுவினம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கோடை விடுமுறையில் போய் வந்த பிறகு என் கருத்து மாறிவிட்டது.

கார் து லியோன் நிலையத்தில் ரயில் ஏறினோம். முந்தியே பதிவு செய்தபடியால் ரிக்கற் மலிவு. ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். போகிறவர்கள் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கோ! சென் ரஃபாயல் தாண்டியதும் சிவப்புப் பாறைகளுக்குக் கீழே நீலக் கடல். தம்பி பிஸ்கற் சாப்பிடவே மறந்து போனான்.

நீசில் நாங்கள் பார்த்தவற்றில் நல்லதெல்லாம் இலவசம்தான். கடலோரமாக 7 கிலோமீற்றர் நீளமான உலாவீதி. இருந்து பார்க்க நீலக் கதிரைகள். 1913இல் திறந்த நெக்ரெஸ்கோ ஹோட்டலின் இளஞ்சிவப்புக் கோபுரத்தை வெளியில் நின்று பார்க்க யாரும் காசு கேட்பதில்லை. கோட்டைக் குன்றுக்கு ஏற லிஃப்டும் இலவசம். கோட்டையைத்தான் காணவில்லை. 1706இல் பதினான்காம் லூயி மன்னர் இடிப்பித்துவிட்டார்! பழைய நகரில் கடலைமாவில் சுடுகிற 'சொக்கா' வாங்கினோம். "இது எங்கட ரொட்டிதானே" எண்டு அம்மம்மா சிரித்தா.

ஆனால் ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. அடுத்த நாள் அம்மம்மா கால் நனைக்க ஆசைப்பட்டா. தண்ணீர் ஓரமாக நடந்தோம். காசு கட்டிப் படுக்கிற கதிரைகள் போட்ட ஓர் இடத்துக்கு முன்னால் போனபோது, அங்கு வேலை செய்பவர் வந்து "இது தனியார் இடம், போங்கள்" என்றார். அம்மா உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டா. எங்கள் வீட்டில் நன்றாகப் பிரெஞ்சு கதைக்கிறது நான்தான். நானும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் தொடங்கியதும் புவியியல் ஆசிரியரிடம் கேட்டேன். 1986ஆம் ஆண்டின் கரையோரச் சட்டப்படி கடற்கரை எல்லோருக்கும் பொது. கதிரை போட்டு வியாபாரம் செய்ய அனுமதி எடுத்தவரும், தண்ணீர் ஓரமாகச் சனம் நடந்து போக வழி விடவேண்டும். அப்படியென்றால் நாங்கள் பிழை செய்யவில்லை!

இன்னொன்றும் அறிந்தேன். அந்த உலாவீதியை 1820களில் தொடங்கியது, குளிர்காலம் கழிக்க வந்த ஆங்கிலேயரின் காசில். ஆனால் கல் சுமந்தது வேலையில்லாமல் இருந்த ஏழைச் சனம். பிறகு எப்படி அது காசுக்காரருக்கு மட்டும் சொந்தமாகும்?

எனவே என் கருத்து இதுதான். "எங்களுக்கில்லை" எண்டு நாங்களே சொல்லிப் பின்வாங்கக் கூடாது. மொழி தெரிந்த பிள்ளைகள் சட்டத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மரியாதையாக, ஆனால் பயப்படாமல் கதைக்க வேண்டும்.

அடுத்த முறை அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தால் நடப்பேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள்.

– எட்டாம் வகுப்பு மாணவி