அரச சேவையும் எம் மாணவரும்

எம்மூர்ப் பெற்றோரிடம் பிள்ளை என்னவாக வரவேண்டுமென வினவினால், வைத்தியர் அல்லது பொறியியலாளர் என்றே விடை வரும். இரண்டும் கைகூடாவிடின், ‘ஏதேனும் ஓர் அரசாங்க உத்தியோகம்’ என்பர். அந்த ‘ஏதேனும்’ என்னும் சொல்லே எனக்கு உடன்பாடில்லாதது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கருதி ஒதுங்கும் கடைப்புகலாக அரச சேவையை எண்ணுதல் பொருந்தாது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் கேம்பிரிட்ஜிற் கற்று, 1875 இல் பகிரங்கப் போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையுட் புகுந்த முதல் இலங்கையராவர். 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானமையையே மேடைகளிற் பலரும் எடுத்துரைப்பர். யானோ, அவர் பதிவாளர் நாயகமாக இருந்து பதிவுத் திணைக்களத்தைச் சீர்செய்ததையும், 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடாத்தி அதன் அறிக்கையை எழுதியதையுமே பெரிதென மதிப்பேன். ஏழையொருவனின் காணி உறுதி ஒழுங்காகப் பதியப்பெற்றால், அவன் வழக்கிற்கு இறைக்கும் பணம் வீட்டில் மிஞ்சும். இதனினும் மேலான பொதுப்பணி எது?

அச்சிவில் சேவை 1963 மே 1 இல் ஒழிந்து நிர்வாக சேவையாயிற்று. அதற்கான பரீட்சையை இன்று தமிழிலேயே எழுதலாம். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டத்தின் பின், முன்னர் கச்சேரியில் முடிந்த கருமங்கள் பல பிரதேச செயலாளரின் மேசைக்கு வந்துவிட்டன. வீரமுனையிலோ சம்மாந்துறையிலோ வயற்காணிப் பத்திரத்தோடு நிற்கும் விவசாயி, தமிழராயினும் முஸ்லிமாயினும், அம்மேசையையே நம்பி நிற்கிறார். 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும், விளங்கா மொழியில் வந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்வாரைத் தேடுவோர் இப்பகுதியில் இன்னும் உளர். சட்டம் ஏட்டில் உண்டு; அதனை நடத்திவைக்கக் கோப்பின் முன் ஆள் வேண்டும்.

ஆகவே, தமிழாசிரியனாகிய யான் சிங்களம் படியுங்கள் என்கிறேன். (நண்பர் சிலர் முகஞ்சுளிப்பர், சுளிக்கட்டும்.) அரச சேவையிற் புதிதாகச் சேர்வோர் ஐந்தாண்டுகளுள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமென 2007 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை விதித்தது. பாடசாலையிலேயே தொடங்கினால் பின்னர் இடரில்லை. உடன், தமிழில் ஓர் அறிவித்தலைத் தெளிவாக எழுதவும் பழகுங்கள். கட்டுரையில் அணிகளை அடுக்கி அதிவிசேட சித்தி பெறும் மாணவனும், வாய்க்காலில் நீர் எந்நாளில் திறக்கப்படும் என்பதை நான்கு வரியில் எழுதச் சொன்னால் இடர்ப்படுவதை வகுப்பறையிற் காண்கிறேன்.

சேவையிலிருக்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பரிசுக் கிண்ணங்கள் தருகிறீர்கள், மகிழ்ச்சி. தவணைக்கொரு நாள் வந்து, ஒரு விண்ணப்பம் எந்தெந்த மேசைகளைக் கடந்து கையொப்பம் பெறுகிறது என்பதையும் உயர்தர வகுப்பினர்க்குக் காட்டித் தாருங்கள். வரும்போது கடந்தகால வினாத்தாள்களையும் மறவாது கொண்டுவாருங்கள்.