பன்மாறிச் சோதனைக்குப் பின்: ஐங்குறுநூற்றை முன்வைத்து

ஐங்குறுநூற்றின் ஐந்து நூறுகளையும் நடையியல் நோக்கில் ஒப்பிட முனையும் ஆய்வாளர், ஏகாரம், உம்மை, வேற்றுமையுருபு, வினையெச்சம், பெயரெச்சம், விளி, உவமவுருபு, எதிர்மறை என எட்டுக் கூறுகளை எண்ணுவதாகக் கொள்ளலாம். எட்டையும் ஒருங்கே சோதிக்கும் பன்மாறி மாறுபாட்டுப் பகுப்பாய்வு, நூறுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு எனக் காட்டுகிறது. அடுத்துச் செய்ய வேண்டுவது யாது?

எட்டுக் கூறுகளுக்கும் தனித்தனியே மாறுபாட்டுப் பகுப்பாய்வு நடத்தி, வேறுபட்டவற்றைப் பட்டியலிடுவதே பரவலான வழக்கம். முதற்சோதனை பிழைக்குக் காவலாக நிற்கும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அக்காவல் அரைகுறையானது. ஒன்றையொன்று சாராத எட்டுச் சோதனைகளை 5 விழுக்காட்டு அளவில் செய்தால், வேறுபாடே இல்லாதபோதும் ஒன்றேனும் பொய்யாக வேறுபட ஏறத்தாழ 34 விழுக்காடு வாய்ப்புண்டு. எட்டிலும் வேறுபாடு இல்லாத நிலையில் மட்டுமே முதற்சோதனை இதனைத் தடுக்கும். விளி ஒன்று மட்டும் பெரிதும் வேறுபட்டாலே கதவு திறந்துவிடும். எஞ்சிய ஏழுக்கும் காவல் இல்லை.

இதனினும் பெரிய குறை, கேட்ட வினா கைவிடப்படுவது. பன்மாறிச் சோதனை வினவுவது கூறுகளின் சேர்க்கையை. அதற்குரிய விடையைப் பிரித்தறி சார்பே தரும். 1936இல் ஃபிஷர் இச்சார்பை விளக்கக் கையாண்ட ஐரிஸ் மலர்த் தரவு இதற்கு நல்ல சான்று. மூன்று இனங்கள், இனத்திற்கு 50 மலர்கள், நான்கு அளவுகள். தனித்தனியே சோதித்தால் நான்கும் வேறுபடுகின்றன. அதனால் அறிவது மிகக் குறைவு. செட்டோசா, வெர்சிகலர், வெர்ஜினிகா என்னும் வரிசையில் புல்லி இதழின் நீளமும் அல்லி இதழின் நீளமும் சேர்ந்தே கூடுகின்றன. ஆனால் மூவினத்தையும் பிரிக்கும் முதற்சார்பில் அவ்விரண்டின் கெழுக்களும் எதிரெதிர்க் குறி பெறுகின்றன. புல்லி இதழின் அளவை ஒப்புநோக்க அல்லி இதழ் எவ்வளவு பெரிது என்பதே இனங்களைப் பிரிக்கிறது. தனிச்சோதனை எதுவும் இதனைக் காட்டாது. உம்மையும் வினையெச்சமும் ஒரு புலவரின் தொடரமைப்பில் இவ்வாறு பின்னிக் கிடக்கலாம் என்பதே நடையியலார்க்கு இதன் பயன்.

கூறுகள் தம்முள் நெருங்கிய ஒட்டுறவு கொண்டால் கெழுக்கள் நிலையற்றுப் போகும் என்பதும் உண்மை. ஆதலின் கெழுவோடு, ஒவ்வொரு கூறுக்கும் சார்புக்கும் உள்ள ஒட்டுறவையும் சேர்த்தே படித்தல் வேண்டும். ஆய்வாளரின் வினா உண்மையில் எட்டுத் தனி வினாக்களே எனில், பன்மாறிச் சோதனையே வேண்டா; 0.05ஐ எட்டால் வகுத்து 0.00625 என்னும் அளவில் தனிச்சோதனை செய்தல் நேர்மையான வழி.

ஐங்குறுநூற்றுக்கேயுரிய இடர்கள் வேறு. ஒரு பத்துக்குள் ஒரே தொடர் மீண்டும் மீண்டும் வருதலுண்டு; எனவே பாடலைத் தனி அலகாகக் கொள்வதினும் பத்தை அலகாகக் கொள்வது தகும். ஓரம்போகியார் மருதத்தையும் அம்மூவனார் நெய்தலையும் கபிலர் குறிஞ்சியையும் ஓதலாந்தையார் பாலையையும் பேயனார் முல்லையையும் பாடினர். புலவர்க்கு ஒரு திணை. திணைக்கு ஒரு புலவர். கிடைத்த வேறுபாடு புலவரின் நடையா, திணையின் மொழியா என்பதை எத்தொடர் பகுப்பாய்வும் பிரித்துக் காட்ட இயலாது. கபிலரின் குறிஞ்சிப் பாடல்களைக் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் உள்ள பிறர் குறிஞ்சிப் பாடல்களோடு ஒப்பிட்டால், அடியளவின் வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, அவ்வினாவை மீண்டும் எழுப்பலாம்.