கெடு விதிப்பவர்களே செலவுக் கணக்கும் தர வேண்டும்

வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் அது குற்றம் என்று நாடாளுமன்றம் 1988-ல் சட்டம் இயற்றியது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அந்த 138-வது பிரிவு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்குகள் குவிந்தன. 2002-ல் திருத்தம் வந்தது; ஆறு மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்றது. அப்போதும் குவியல் குறையவில்லை. 2018-ல் இன்னொரு திருத்தம் வந்தது. காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு வழங்க அது வழிசெய்தது. 2021 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு இந்த வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது, நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி குற்ற வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என்று தெரியவந்தது. மூன்று முறையும் நாடாளுமன்றத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால், இத்தனை வழக்குகளையும் விசாரிக்க எத்தனை நடுவர்கள் கூடுதலாக வேண்டும், அவர்களுக்கான செலவு யாருடையது என்பது பற்றி அந்தச் சட்டங்களில் ஒரு வரிகூட இல்லை.

ஆறு மாதக் கெடு நடுவர் நீதிமன்றத்தில் என்ன ஆகிறது என்பதை ஒரு வழக்குக் கட்டின் பயணத்திலேயே காணலாம். புகார் கோப்பில் ஏற்கப்பட்டு அழைப்பாணை போகிறது. வீடு பூட்டியிருக்கிறது என்ற குறிப்போடு அது திரும்பி வருகிறது. மறுபடியும் அனுப்ப ஒரு வாய்தா. எதிரி ஆஜராகி ஜாமீன் பெற ஒரு வாய்தா. புகார்தாரரின் சாட்சியத்துக்கு ஒன்று, குறுக்கு விசாரணைக்கு இரண்டு மூன்று. இதே நடுவர்தான் காலையில் போலீசார் கொண்டுவரும் கைதிகளை ரிமாண்ட் செய்ய வேண்டும், ஜாமீன் மனுக்களைக் கேட்க வேண்டும், வாக்குமூலங்களைப் பதிவுசெய்ய வேண்டும். பிற்பகலில் டவாலி பெயர் கூப்பிடும்போது சாட்சி வந்திருக்கிறார், வழக்கறிஞரும் வந்திருக்கிறார். நடுவரிடம் நேரம் இல்லை. கட்டின் மேல் அடுத்த தேதி எழுதப்படுகிறது. கெடுவை மீற வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. அந்த வழக்குக்கு வேண்டிய அரை மணி நேரத்தை எந்தச் சட்டமும் ஒதுக்கித் தரவில்லை.

சட்டம் விதிக்கும் கெடுக்கள் இரண்டு வகை. ஒன்று வழக்காடுபவரைக் கட்டுப்படுத்துவது. மற்றது நீதிபதியைக் கட்டுப்படுத்துவது. முதல் வகைக்குச் செலவு இல்லை, உறுதி இருந்தால் போதும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 2002 திருத்தம், பிரதிவாதி 30 நாட்களில், அதிகபட்சம் 90 நாட்களில் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும் என்றது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த வரம்பு வழிகாட்டுதலே தவிரக் கட்டாயம் அல்ல என்று சொல்லிவிட்டது. 2015-ன் வணிக நீதிமன்றங்கள் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. 120 நாட்கள் கடந்தால் எதிர்வழக்குரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்று அது தெளிவாக எழுதியது. அது கட்டாயம்தான் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. நாடாளுமன்றம் நினைத்தால் நீதிமன்ற நடைமுறையை மாற்ற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது வகையில் சட்டத்தின் மொழியே தளர்ந்துவிடுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டம், 60 நாட்களில் மனுவை முடிக்க ‘முயல வேண்டும்’ என்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் ‘கூடியவரை’ ஓராண்டில் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வாதம் முடிந்த 30 நாட்களில், காரணம் எழுதினால் 45 நாட்களில், தீர்ப்பு சொல்லச் சொல்கிறது. முடியாது என்று தெரிந்தே எழுதப்பட்ட கெடுவின் அடையாளம்தான் அந்த ‘முயல’, ‘கூடியவரை’ என்ற சொற்கள். பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் சொன்னது 1987-ல். ஐந்து ஆண்டுகளில் அந்த நிலையை எட்டுமாறு உச்ச நீதிமன்றம் சொன்னது 2002-ல். இன்றைக்கு, அனுமதிக்கப்பட்ட இடங்கள் அனைத்தும் நிரம்பியதாக வைத்துக்கொண்டாலும், எண்ணிக்கை ஏறத்தாழ 21-தான். மாவட்ட நீதிமன்றங்களில் மட்டும் நான்கு கோடிக்கும் அதிகமான வழக்குகள் காத்துக் கிடக்கின்றன.

தீர்வு புதிதல்ல, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏட்டில் கிடக்கிறது. அதே சேலம் வழக்கில் நீதிபதி எம்.ஜகந்நாத ராவ் தலைமையிலான குழு, ஒரு சட்டத்தால் நீதிமன்றங்கள் மீது விழும் சுமையை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிறகு அவர் தலைமையிலேயே மத்திய அரசு அமைத்த பணிக்குழு 2008-ல் அறிக்கை தந்தது. ஒவ்வொரு மசோதாவின் நிதிக் குறிப்பிலும், அதனால் எழக்கூடிய வழக்குகளை நடத்த ஆகும் செலவையும் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இப்போதும் மக்களவை விதிகளின்படி செலவு வைக்கும் மசோதாவுடன் நிதிக் குறிப்பு இணைக்கப்படுகிறது. ஆனால், அது பார்ப்பது மத்திய அரசின் கஜானாவை. மத்தியச் சட்டத்தால் பெருகும் வழக்குகளின் செலவோ மாநில அரசு நடத்தும் நடுவர் நீதிமன்றத்தில் விழுகிறது. சட்டம் டெல்லியில், செலவு தாலுகாவில். இரண்டையும் ஒரே தாளில் எழுத வைக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது.

நாடாளுமன்றம் புதிய நீதிமன்றங்களையே உருவாக்கியிருக்கிறதே என்று கேட்கலாம். 2008-ல் நிறைவேறி, 2009 அக்டோபர் 2-ல் நடைமுறைக்கு வந்த கிராம நியாயாலயச் சட்டம் அப்படிப்பட்டதுதான். கிராமத்துக்கே நீதிபதி வந்து வழக்கைக் கேட்பார் என்பது அருமையான எண்ணம். ஆனால், மாநில அரசுகள் இவற்றை ‘அமைக்கலாம்’ என்றுதான் சட்டம் சொன்னது. மத்திய அரசு தர முன்வந்தது ஒரு நீதிமன்றத்துக்கு ஒரே முறை 18 லட்சம் ரூபாய். நடைமுறைச் செலவில் பாதி, அதுவும் ஆண்டுக்கு 3.20 லட்சத்துக்கு மேற்படாமல், முதல் மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். நான்காம் ஆண்டு முதல் சம்பளம் யார் தருவது என்று மாநிலங்கள் தயங்கின. 5,000-க்கும் அதிகமாக எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் இயங்குபவை சில நூறுதான். சட்டம் தோற்கவில்லை, அதற்குக் கொடுத்த பணம் பற்றவில்லை.

இந்த யோசனைக்கு எதிரான வாதங்களும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. ஒரு சட்டத்தால் எத்தனை வழக்கு வரும் என்று யாரால் சொல்ல முடியும் என்பது முதல் கேள்வி. துல்லியமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால், எந்த மாவட்டத்தில் எவ்வகை வழக்கு எத்தனை ஆண்டுகளாக நிற்கிறது என்பதைத் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு இன்று அன்றாடம் காட்டுகிறது. தோராயமாக ஒரு எண்ணை எழுதிப் பிறகு திருத்திக்கொள்ளலாம். எதையும் எழுதாமல் விடுவதுதான் காசோலை வழக்குகளில் பார்த்த கதை. தாமதத்துக்குக் காரணம் வழக்கறிஞர்கள் கேட்கும் வாய்தாக்களும், நிரப்பப்படாத சுமார் 5,000 நீதிபதி இடங்களும்தானே என்பது அடுத்த வாதம். உண்மைதான், காலியிடங்களை நிரப்பும் கடமையிலிருந்து உயர் நீதிமன்றங்களும் மாநில அரசுகளும் தப்ப முடியாது. ஆனால், அத்தனையும் நிரம்பினாலும் எண்ணிக்கை 21-ஐத் தாண்டாது என்பதை மேலே கண்டோம். நேரமுள்ள நீதிபதியால்தான் வாய்தாவை மறுக்கவும் முடியும். மாநில அதிகாரத்தில் மத்திய அரசு நுழையும் என்ற அச்சமும் உண்டு. நியமன அதிகாரத்தைத் தொடாமல் பணம் மட்டும் தருவது தலையீடு ஆகாது. நீதி நிர்வாகம் 1976-லேயே பொதுப் பட்டியலுக்கு மாறிவிட்டது. தன் சட்டங்களைச் செம்மையாகச் செயல்படுத்தக் கூடுதல் நீதிமன்றங்களை அமைக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 247-வது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. உரிமை இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கட்டும்.

ஆகவே, இரு அவைகளும் தங்கள் விதிகளைத் திருத்த வேண்டும். புதிய குற்றத்தையோ புதிய உரிமையையோ விசாரணைக் கெடுவையோ கொண்டுவரும் எந்த மசோதாவும், அதனால் கூடும் வழக்குகள், வேண்டிய நீதிபதிகள், ஊழியர்கள், அவர்களுக்கான தொகை ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பு இல்லாமல் விவாதத்துக்கு வரக் கூடாது. அந்தத் தொகையை மத்திய அரசு மாநிலங்களுக்குத் தொடர்ந்து தர வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மதிப்பீட்டையும் நிலுவையையும் ஒப்பிட்டு அவையில் அறிக்கை வைக்க வேண்டும். அப்படிச் செய்தால், ‘முயல வேண்டும்’ என்று எழுதும் இடத்தில் ‘முடிக்க வேண்டும்’ என்று எழுதும் தகுதி நாடாளுமன்றத்துக்கு வரும். அடுத்த வாய்தாவுக்குப் பஸ் ஏறும் புகார்தாரருக்கு வேண்டியது, அவர் வழக்கைக் கேட்க அரை மணி நேரம் வைத்திருக்கும் ஒரு நடுவர். அவருக்கான சம்பளத்தை எழுதிவைத்த பிறகு கெடுவை எழுதுங்கள்.